கொளுத்து, கோச்!

பேஸ்பால் ஆட்டத்தின் கடைசி, ஒன்பதாவது இன்னிங்ஸில் எங்கள் பல்கலைக்கழகப் பையன்கள் பின்தங்கியிருந்தால் போதும். மூன்றாவது பேஸ் பக்கத்து மாணவர் கூட்டம் எழுந்து நின்றுவிடும். ஒருத்தன் ஆரம்பிப்பான்: "கொளுத்து, கோச்!" மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். "கொளுத்து! கொளுத்து!" முன்பெல்லாம் லைட்டரைத் தூக்கிப் பிடித்தார்கள், இப்போது கைபேசி வெளிச்சம். பேராசிரியர்கள் கத்துவார்கள், பாதிரியார் கத்துவார், கைக்குழந்தைக்காரி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே கத்துவாள். கார்வெல் ஊரில் பிறந்தவனுக்கு ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடி கிடைப்பது இந்தக் கோஷம்தான்.

நான் கத்தியதில்லை. அவர்கள் கொளுத்தச் சொல்கிற மண்ணில்தான் என் அண்ணன் எரிந்தான்.

ஸ்டேடியத்தின் வரலாற்றைப் பல்கலைக்கழகம் வழவழப்பான தாளில் புத்தகமாகப் போட்டிருக்கிறது. படங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அந்த இடம் ஒரு குட்டை என்பது அதில் இல்லை. ஓடைக்கரையில், கசாப்புத் தொழிற்சாலையின் கழிவுநீர் வந்து தேங்கிய பள்ளம் அது. வரி கட்ட மனமில்லாத ஒரு வங்கிக்காரர் அதைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டினார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று இவர்களும் வாங்கிக்கொண்டார்கள்.

வேறு காலமாக இருந்திருந்தால் யாராவது யோசித்திருப்பார்கள். அது வறட்சிக் காலம். வருடக்கணக்கில் எங்கள் நெப்ராஸ்கா மாநிலத்தில் மழை இல்லை. காற்றில் மண்தான் பறந்தது. மாடுகள் அதைத் தின்று செத்தன. வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் கூலி கொடுத்து, மர இருக்கைகளும் சுற்றுச்சுவரும் கட்டவைத்தது. என் அப்பாவும் அங்கே செங்கல் சுமந்தவர்தான். அத்தனை ஆண்களில் ஒருவருக்கும், மழை என்று ஒன்று பெய்தால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று கேட்கத் தோன்றவில்லை. மழையையே மறந்துபோயிருந்தார்கள். பிறகு மழை வந்தது. அதற்கப்புறம் ஒரு தூறல் விழுந்தாலும் மைதானத்தின் நடுவில், இரண்டாவது பேஸ் இருக்கும் இடத்தில் வாத்து நீந்தியது.

போர் முடிந்து திரும்பிய ஹார்லன் ஸ்ட்ரவுட் கோச்சாக வந்தார். நல்ல மனிதர் என்று ஊர் சொல்லும். குடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்வரிசையில் உட்காருவார். ஆட்டத்தை ரத்து செய்வது மட்டும் அவருக்குப் பிடிக்காது. மைதானம் ஈரமாக இருந்தால், பண்ணை டிராக்டருக்கு ஊற்றுகிற பெட்ரோலைப் பீப்பாயில் கொண்டுவந்து மண்ணில் ஊற்றி, வாரியால் கிளறி, தீ வைத்து விடுவார். அந்தக் காலத்தில் பல ஊர்களில் செய்ததுதான். எரிந்து அடங்கியதும் மேலே கொஞ்சம் மணல் தூவுவார்கள். மதியம் ஆட்டம் நடக்கும்.

1959 மே மாதம், ஒரு சனிக்கிழமை. முந்தைய இரவெல்லாம் மழை. அன்றைய ஆட்டம் நடந்து நாங்கள் ஜெயித்தால் எங்களுக்குக் கோப்பை, நடக்காவிட்டால் எதிரணிக்கு. எதிரணி பஸ்ஸிலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததாம். மழை விட்டும் தூவானம் விடவில்லை. கோச் பீப்பாய்களை வரவழைத்தார்.

என் அண்ணன் ராய் வாசெக் அந்த அணியில் மாற்று பிட்சர். மாற்று பிட்சர் என்றால் பந்து வீசுவதைவிட பெஞ்சைத் தேய்ப்பது அதிகம். அதனால் வாரி அவன் கையில் இருக்கும். அவனுக்கு இருபத்தொரு வயது, எனக்குப் பதினொன்று. என்னை "பொடிசு" என்றுதான் கூப்பிடுவான்.

நாங்கள் வீட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தோம். அம்மா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். அறிவிப்பாளர் குதூகலமாகச் சொன்னார்: "மைதானம் ஜோரா எரியுதுங்க! இன்னிக்கு ஆட்டம் உண்டு!" அப்பா கையைத் தட்டினார். நானும் தட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து அதே குரல், ஒரு பையனுக்குச் சின்ன விபத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், ஆட்டம் சீக்கிரமே தொடங்கிவிடும் என்றது.

"ஐயோ, யார் பெத்த புள்ளையோ," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து விரித்தாள்.

மூன்றாவது இன்னிங்ஸில் பாதிரியாரின் கார் வாசலில் வந்து நின்றது.

ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஜெயித்தார்கள். அடுத்த வாரம் ராய் இறந்தான். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் அவனுடைய அணிக்காரர்கள்தான். வெற்றிப் பந்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கோச் அதை அவன் மார்பில் வைத்தார். அம்மா அதை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது நன்றி என்றாள். அவளுக்கு அப்படித்தான் வரும்.

சிகரெட் கதை அதற்குள்ளேயே ஊரில் புறப்பட்டுவிட்டது. பெட்ரோல் ஊற்றிய மண்ணில் நின்றுகொண்டு பையன் சிகரெட் பற்றவைத்தானாம். விசாரிக்க வந்த அதிகாரியிடம் கோச் சொன்னது அதுதான், பல்கலைக்கழகம் எழுதிக்கொண்டதும் அதுதான். ராய் சிகரெட் பிடிப்பவன். அதுதான் வினை. பிடிக்காதவனாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிற்பாடு நான் பெண்களுக்கு முடி அலங்காரக் கடை வைத்தேன். ஊர்ப் பெண்களில் பாதிப் பேரின் தலை என் கைக்கு வந்தது. தலை வந்தால் வாயும் கூடவே வரும். ஒருநாள் கோச்சின் மனைவியே என் நாற்காலியில் உட்கார்ந்து, தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு, "எங்க பசங்ககிட்ட எப்பவும் சொல்வேன் ஆர்லீன், அந்தச் சிகரெட்ட மட்டும் தொடாதீங்கடான்னு. பாவம் உங்கண்ணன்," என்றாள். நான் அவளுக்கு முடியைச் சுருட்டிவிட்டு, வாசல்வரை கொண்டுபோய் விட்டேன்.

அம்மா சாகும்வரை அதையேதான் கேட்டாள். "அவ்வளவு முட்டாளாடீ அவன்?" எனக்கு அது தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் போதாது, அவனை முட்டாள் என்ற அதே இடத்தில், எல்லோர் காதிலும் விழும்படி, அவன் முட்டாள் இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும். வாழ்க்கையில் நான் கேட்டது இது ஒன்றுதான்.

அப்பாவுக்கு வேறு வழி இருந்தது. அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கே போனார். எங்கள் அணி உட்காருகிற டக்அவுட்டுக்கு நேர் எதிரே, கோச் தலையைத் தூக்கினால் அப்பா முகம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை பேசமாட்டார், கைதட்டமாட்டார். கோச் ஓய்வு பெறும்வரையும், அதற்குப் பிறகும், ஓர் ஆட்டம் விடாமல் உட்கார்ந்தார். கோச்சும் அதற்குப் பழகிவிட்டார். மனிதன் எதற்கும் பழகிவிடுவான். அதுதான் அப்பாவுக்குப் புரியவில்லை.

எண்பதுகளில் ஒரு மாணவன் பழைய படம் ஒன்றைத் தேடிப் பிடித்து மாணவர் பத்திரிகையில் போட்டான். எரிகிற மைதானம், அதன் முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கும் ஹார்லன் ஸ்ட்ரவுட். அந்த வாரம் ஆட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு குடிகாரப் பயல் கத்தினான்: "கொளுத்து, கோச்!" விருந்தினர் வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து தொப்பியைத் தூக்கிக் காட்டினார். ஆட்டத்தை ஜெயித்துவிட்டார்கள். ஜெயிக்காமல் இருந்திருந்தால் அது அன்றோடு செத்திருக்கும். மறுவருடம் அந்தப் படம் போட்ட பனியன் விற்றார்கள். அப்பா அப்போதும் தன் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து தொப்பியைக் கழற்றிவைத்து, "நல்லவேளை, உங்கம்மா போய்ச் சேந்துட்டா," என்றார்.

அவர் போனபிறகு அந்த இடத்துக்கு நான் போனேன். பிடிவாதம் கொஞ்சம். ஆட்டமும் எனக்குப் பிடிக்கும், அதை ஒளிப்பானேன்? அந்த முதல் வருடம்தான் டுவேன் கோல்ப் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ராயின் அணியில் பிட்சர் வீசும் பந்தைப் பிடிக்கிற கேட்சர். சவப்பெட்டியின் முன்பக்கம் இடதுகைப் பிடியைத் தூக்கியவர். டிராக்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார், மனைவி இறந்துவிட்டாள். சூரியகாந்தி விதையை வாயில் போட்டு, பருப்பைத் தின்று, தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டே இருப்பார்.

"டுவேன், ஆட்டம் பாக்க வந்தீங்களா, அணில் மாதிரி கொறிக்க வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். ஏம்மா ஆர்லீன், இன்னிக்குக் கொலாச்சி கொண்டு வந்தியா?"

கசகசா வைத்துச் சுடுகிற இனிப்பு ரொட்டி அது. ஐரோப்பாவின் செக் நாட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் வீட்டில் கொலாச்சி இல்லாத சனிக்கிழமை கிடையாது. பாதியைப் பிய்த்து அவருக்குக் கொடுப்பேன். யாரும் உட்கார்ந்துவிடாமல் அவர் இடத்தில் நான் உட்காருகிற சின்ன மெத்தையைப் போட்டு வைப்பேன். அவர் வர நேரமானால் வாசலையே பார்ப்பேன். அப்படியாக இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மாணவர்கள் கொளுத்தச் சொல்லிக் கத்தும்போது மட்டும் அவர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டுவார். எனக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு என்னதான் நடந்தது என்று முன்பு இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறேன். "ஒரே புகை ஆர்லீன், ஒண்ணும் தெரியல," என்பார். அதற்கு மேல் நான் துருவவில்லை.

போன வருடம் இலையுதிர்காலத்தில் செய்தி வந்தது. பழைய ஸ்டேடியத்தை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். பணம் கொடுப்பது கிரெக் ஸ்ட்ரவுட், கோச்சின் பேரன், மாட்டுத் தீவன ஆலைக்காரன். அதனால் பெயர் ஹார்லன் ஸ்ட்ரவுட் ஸ்டேடியம்.

இடிக்கும் அன்று டுவேனின் வண்டியில் உட்கார்ந்து வேலிக்கு வெளியே இருந்து பார்த்தோம். அப்பா சுமந்த செங்கல்களை இயந்திரம் ஒரே தள்ளாகத் தள்ளியது. பிறகு நடுவிலிருந்த செம்மண்ணை வாரி லாரியில் ஏற்றினார்கள். இரண்டாவது பேஸ் பக்கம் வாரியபோது குழியில் தண்ணீர் ஊறி நின்றது.

எனக்குப் பொறுக்கவில்லை. "டுவேன், அந்தாளு பேரு இனிமே வாசல்ல இருக்கும். எங்கண்ணன் பேரு சிகரெட் பிடிச்ச முட்டாள்னு இருக்கும். நீங்க அங்க இருந்தீங்க. இன்னிக்காவது சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

அவர் விதைத் தோலைத் துப்பினார். வண்டியின் கண்ணாடித் துடைப்பானைப் போட்டார், மழை இல்லை. நிறுத்தினார்.

"ராய் கையில சிகரெட் இல்ல," என்றார்.

அறுபது வருடத்தில் அதைச் சொன்ன முதல் ஆள்.

"நிச்சயமாவா?"

"கையில வாரிதான் இருந்துச்சு. ரெண்டு கையிலயும்."

"பின்ன ஏன் இவ்வளவு வருஷம்?"

"கோச்ச வச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?"

"கோச் செத்துப் பதினஞ்சு வருஷமாச்சு!"

"தெரியும்." லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "திட்டு. நல்லாத் திட்டு."

நான் திட்டவில்லை. அழுதேன். கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் வேறென்ன செய்வது? அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத என்கிட்ட சொன்னா பத்தாது. திறப்பு விழாவுல மைக்ல சொல்லணும்," என்றேன்.

அவர் வெகுநேரம் மென்றார். "சொல்றேன்," என்றார்.

கிரெக் ஸ்ட்ரவுட் குளிர்காலத்தில் என் வீட்டுக்கு வந்தான். ஐம்பது வயதிருக்கும். நல்ல பையன்தான், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பனி ஒட்டிய காலணியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தான். கையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. பழைய மைதானத்து மண்ணாம். இப்படிக் குப்பியில் அடைத்து ரசிகர்களுக்கு விற்கிறார்களாம்.

"உங்களுக்குச் சும்மாவே குடுக்கணும்னு கொண்டாந்தேன், மேடம்."

மேசையில் வைத்தான். நாங்கள் இருவரும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தோம். பிறகு விஷயத்துக்கு வந்தான். "ஸ்டேடியத்துக்குத் தாத்தா பேரு. நடுவுல இருக்கற உள்மைதானத்துக்கு உங்கண்ணன் பேரு. ஸ்ட்ரவுட் ஸ்டேடியம், வாசெக் உள்மைதானம். இப்பல்லாம் எல்லா ஊர்லயும் இப்படிப் பிரிச்சுப் பிரிச்சுத்தான் பேரு வைக்கிறாங்க."

"கக்கூஸுக்கு யாரு பேரு?"

"அதுக்கு இன்னும் ஆள் மாட்டல," என்று சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். கொலாச்சியை எடுத்துத் தின்றான்.

"அவன் எரிஞ்ச மண்ணுக்கே அவன் பேரா, கிரெக்?"

"மண்ணு இல்ல மேடம், அதான் சொல்ல வந்தேன். செயற்கைப் புல்லு. மழை பெஞ்சா அரை மணியில தானா காஞ்சிடும்." மென்றுகொண்டிருந்தவன் நிறுத்தினான். "இந்தப் புல்லு அப்பவே இருந்திருந்தா..."

மனதாரத்தான் சொன்னான். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்பார்கள். ஆனால் இவன்மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். பெயரை வைத்துக்கொள்ளுங்கள், நானும் வந்து உட்காருகிறேன், விழாவில் டுவேன் கோல்ப் பேச வேண்டும்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்களே அவரைத்தான் கேக்கறதா இருந்தோம்! அந்த டீம்ல மிச்சம் இருக்கறது அவர் ஒருத்தர்தானே? தாத்தாவப் பத்தி அவர் சொல்லாம வேற யாரு சொல்றது?"

குப்பியைத் தூக்கி எறிய மனம் வரவில்லை. வீட்டுக்குள் வைக்கவும் முடியவில்லை. வண்டிக் கொட்டகையில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தேன்.

விழா ஏப்ரலில், பருவத்தின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால். இருக்கைகள் நிரம்பி வழிந்தன. மாணவர்கள் எல்லோரும் அந்தத் தீப்படப் பனியனில். உள்மைதானத்தில் இரண்டாவது பேஸ் பக்கத்தில் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு எங்களை உட்காரவைத்தார்கள். செம்மண் இருந்த இடத்தில் செம்மண் நிறத்திலேயே பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். குனிந்து தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது.

டுவேன் தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டும் ஸ்ட்ரவுட் காலத்துப் பழைய அணித் தொப்பியுமாக வந்திருந்தார். விதை கொண்டுவரவில்லை. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தார்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"ஆமா."

"ஒரே வரிதான். 'ராய் கையில சிகரெட் இல்ல.' சொல்லிட்டு வந்து உக்காந்துடுங்க. கொலாச்சி வச்சிருக்கேன்."

அவர் என்னைப் பார்த்தார். "ஆர்லீன், அது மட்டும் இல்ல," என்றார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கைத்தடியை ஊன்றி எழுந்து போனார். மைக் என் நாற்காலியிலிருந்து ஒரு கை நீட்டும் தூரம்தான். மைதானம் முழுக்க அமைதியானது. எண்பத்தொரு வயதுக் கிழவன் பேசப்போகிறான் என்றால் எங்கள் ஊரில் மரியாதை கொடுப்பார்கள்.

"அன்னிக்கு ராத்திரி பூரா மழை," என்றார். ஒலிபெருக்கியில் அவர் குரல் திரும்பி வந்தது. "எதிர் டீம் பஸ்ஸவிட்டு எறங்கவே இல்ல. எங்களப் பாத்துக் கையாட்டினானுங்க."

கூட்டம் சிரித்தது.

"கோச் நாலு பீப்பா கொண்டாந்தாரு. ஊத்தினோம். எனக்கு ஊத்தி ஊத்திக் கண்ணு எரிஞ்சுது. ராய் வாசெக் வாரிய வச்சுக் கெளறிக்கிட்டு இருந்தான். எல்லாரும் வெளிய வந்துட்டோம்." நிறுத்தினார். நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். இப்போது சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். "குச்சியில துணியச் சுத்தி, அதப் பத்தவச்சு, கோச் என் கையில குடுத்தாரு. குடுத்துட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு." மூச்சு வாங்கினார். "கொளுத்துன்னாரு."

மூன்றாவது பேஸ் பக்கம் ஒருத்தன் எழுந்தான்.

"கொளுத்து, கோச்!"

மொத்தக் கூட்டமும் எழுந்துவிட்டது. "கொளுத்து! கொளுத்து! கொளுத்து!" பட்டப்பகலில் ஆயிரக்கணக்கான கைபேசி விளக்குகள். அவர்கள்மேல் என்ன தப்பு சொல்ல? இத்தனை வருடமாக அந்த வார்த்தைக்கு அப்படித்தான் எழுந்து பழகியிருக்கிறார்கள். வாத்தியக் குழுவும் முரசை அடிக்கத் தொடங்கியது. கிரெக் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

டுவேன் கையைத் தூக்கி அடக்கப் பார்த்தார். அவர் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து இன்னும் பலமாகக் கத்தினார்கள். பிறகு அவர் அடக்குவதை விட்டுவிட்டு, மைக்கைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லிக்கொண்டே போனார். ஒலிபெருக்கியில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஒரு கை தூரத்தில் இருந்தேன்.

"ராய் வெளிய வரல. ரெண்டாவது பேஸ்ல முட்டி போட்டுக்கிட்டு இருந்தான். சிகரெட்லாம் இல்ல. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் தீயப் போட்டேன். கோச் சொல்லிட்டாரே. ஓடி வந்துடுவான்னு நெனச்சேன். அவன் திரும்பி என்னையத்தான் பாத்தான்."

சொல்லி முடித்துவிட்டு மைக் முன்னாலேயே நின்றார். அறிவிப்பாளர் அவர் பெயரை நீட்டி முழக்கி நன்றி சொன்னார். கூட்டம் அவர் பெயரைக் கத்தியது. இதுவரை எந்த ஆட்டக்காரனுக்கும் அப்படிக் கைதட்டி நான் கேட்டதில்லை.

எனக்குப் பாதிக் கொலாச்சிதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பிய்த்துக் கொடுத்த பாதி. அதை வாங்கித் தின்ற வாய். அப்பா முப்பது வருடம் கோச்சின் முகத்தையே முறைத்துக்கொண்டிருந்தார்; முறைக்க வேண்டிய இன்னொரு முகம் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தது. நான் அதற்கு மெத்தை போட்டு இடம் பிடித்து வைத்திருந்தேன்.

அவர் திரும்பி என்னிடம் வந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது.

"கேட்டுச்சா, ஆர்லீன்?"

எனக்கு எல்லாம் கேட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லும்.

"கேக்கல," என்றேன். "யாருக்கும் கேக்கல. போ. போய் மறுபடி சொல்லு."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தபடி நின்றார். பிறகு கைத்தடியைத் திருப்பி ஊன்றி மைக்கை நோக்கி நடந்தார். ஓரடி, இன்னோரடி. அதற்குள் தேசிய கீதம் தொடங்கிவிட்டது. எல்லோரும் எழுந்து, தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்தார்கள். கத்திக்கொண்டிருந்த பையன்கள்கூட ஒரே நொடியில் அடங்கிவிட்டார்கள். டுவேன் நின்ற இடத்திலேயே நின்றார். கை தானாகப் போய்த் தொப்பியைக் கழற்றியது. நானும் எழுந்து நின்றேன்.

பாட்டு முடிவதற்குள் மைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நாற்காலிகளை மடக்கினார்கள். எங்கள் பையன்கள் ஓடிவந்து அவரவர் இடத்தில் நின்றார்கள். டுவேன் மட்டும் தொப்பியைக் கையில் பிடித்தபடி இரண்டாவது பேஸ் அருகில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அங்கிருந்து எங்கே போவது என்று தெரியவில்லை. நான் போய்க் கூப்பிடவில்லை.

நடுவர் அவரிடம் போனார். "ஐயா, ஆட்டம் ஆரம்பிக்கணும். கொஞ்சம் வெளிய வந்துடுங்க," என்று சொல்லி, தோளில் கைபோட்டு, மெதுவாக நடத்திக்கொண்டு வந்தார். எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே விட்டார். திரும்பி மைதானத்தை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், வேறு யாரும் உள்ளே இல்லையே என்று. இப்போதெல்லாம் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.